உறவு என்ற கட்டத்தில் நான் எழுதிய சொல்

போன வெள்ளிக்கிழமை நம்முடைய வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் நெருப்பு மணி அடித்ததும், ஆறு மாடிச் சனமும் படியிறங்கி ஓடியதும் உங்களுக்கு மறந்திருக்காது. பக்கத்து வீட்டு அங்கிள் சறத்தோடு நின்றார். கையில் மட்டும் பாஸ்போட் இருந்தது. நெருப்பு ஒன்றுமில்லை. சின்னவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று, நான் சொல்லித்தான் உங்கள் அம்மா ஏழு செத்தல் மிளகாயையும் ஒரு பிடி உப்பையும் அவள் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டிருந்தாள். கீழே காவல் நிற்கும் சிங்களப் பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்து, கதவடியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "மிரிஸ் நேத?" என்றார். மிளகாய்தானே என்று கேட்டவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

பெரியவன் சிரிக்கவில்லை. "அப்பா, இதெல்லாம் ஆர் உங்களுக்குப் பழக்கினது? வெக்கமா இருக்கு" என்றான். நான் அவனை ஏசிவிட்டேன். ஏசியது பிழை. அவன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் எழுத்து இது. பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

மிளகாய்க் காரம் மூக்கில் ஏறினால் எனக்குக் கொட்டாஞ்சேனை வந்துவிடும். கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் சாக்கடைக் கான், மறுபக்கம் பலகை வீடுகள். அதில் ஒரு வீட்டின் முன்னறை முழுக்கச் சாமி. நடுவில் மஞ்சள் பூசிய மாரியம்மன். வலப்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார். இடப்பக்கம் சிங்களவர் கும்பிடும் பத்தினித் தெய்வத்தின் பித்தளைச் சிலம்பு. மூவருக்கும் ஒரே விளக்கு. அந்த வீட்டுக்காரியின் பெயர் பாக்கியம். தமிழர் சாமியம்மா என்பார்கள். சிங்களப் பெண்கள் மேணியோ என்பார்கள். தாயே என்பது போல ஒரு சொல். பொலிஸ்காரர் வைத்த பெயரைப் பிறகு சொல்கிறேன்.

நான் எப்படிக் கூப்பிட்டேன் என்றால், எப்படியும் கூப்பிடவில்லை. "இஞ்ச பாருங்கோ" என்பேன். இல்லாவிட்டால் செருமுவேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அது சண்டைக் காலம். நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் கட்டுத் தூக்கினேன். அதாவது, கோப்புக் கட்டுகளைக் கோட்டுக்குச் சுமப்பது, முத்திரை வாங்குவது, ஐயாவுக்குப் பிளேன்டீ சொல்வது. இதைத்தான் ஊருக்குக் கடிதம் எழுதும்போது "சட்டத்துறையில் வேலை" என்று எழுதினேன். தங்கியது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், அறைக்கு ஏழு பேர். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் லொட்ஜ்காரரின் முகம் மாறிவிடும். அப்படி ஒரு நாள், "தம்பிமார், பொலிஸ் என்ர கழுத்தில நிக்குது. குறை நினையாதேங்கோ" என்று எங்கள் பெட்டிகளை வாசலில் எடுத்து வைத்துவிட்டார். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அதைக் காட்டினால் நம்முடைய ஆட்களே கதவைச் சாத்தினார்கள். பயம் அப்படி.

என்னோடு கட்டுத் தூக்கிய செல்வம் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அவனுடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். "எங்க சாமியம்மா வீட்டு மேல்தட்டு சும்மாதான் கெடக்கு. கேட்டுப் பாப்பமா?" என்றான். நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்த மக்களைத் தோட்டக்காட்டார் என்று உதட்டைச் சுழித்துச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பெட்டியோடு தெருவில் நின்ற அந்த நேரத்திலும் அந்தச் சொல் என் வாய்க்குள் பத்திரமாகத்தான் இருந்தது.

சாமியம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். குள்ளம். வாய் நிறைய வெற்றிலை. கழுத்தில் மஞ்சள் கயிறும் செபமாலையும் ஒன்றாகக் கிடந்தன. என் அட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"என்னா, மந்திரமா சொல்ற? ஆமான்னு சொல்லு."

செல்வம் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

"ஒங்க ஆளுங்க வீட்டுல ஒம்போது வருசம் பாத்திரம் தேச்சவ நான். வெள்ளவத்தையிலதான். பின்பக்கம் ஒரு ஆணியில எனக்குன்னு ஒரு தகர டின்னு தொங்கும். எனக்கு டீ அதுல. அந்த வீட்டு நாய்க்குப் பீங்கான் தட்டு."

எங்கள் வீட்டுப் பின்கோடியிலும் தேங்காய் பறிக்க வருகிறவருக்கென்று ஒரு தகரப் பேணி தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அதைப் பற்றி அதுவரை நான் நினைத்ததே இல்லை.

மேல்தட்டைத் தந்தார். அடுத்த நாள் காலை, விளிம்பு வெட்டுகிற பால்மா டின் ஒன்றில் டீயை ஊற்றி ஏணியடியில் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் கோப்பை. "யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு ஸ்பெசல் கப்பு!" என்று ஒழுங்கைக்கே கேட்கச் சொன்னார். குழாயடியில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குடிக்காமல் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீ. நல்ல டீயாக இருந்ததில் எனக்கு இன்னும் கோபம்.

இன்னொரு சண்டை ஒரு சொல்லுக்காக வந்தது. கடைக்குப் புறப்பட்டவன், "செத்தல் மிளகாய் எவ்வளவு வாங்கிறது?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டேன். வேப்பங்கொத்தால் முதுகில் ஒரு அடி விழுந்தது.

"செத்தது கித்ததுன்னு இந்த வாசல்ல நின்னு பேசுவியா? காஞ்ச மொளகான்னு சொல்லுடா!"

"எங்கட ஊரில அப்பிடித்தான் சொல்லுறது."

"ஒங்க ஊருல போயி சொல்லு. பஸ்ஸு ஓடுதா பாரு."

பஸ் ஓடவில்லை. பாதை மூடிக் கிடந்தது. அது அவருக்கும் தெரியும். அப்படிப் பேசுகிற வாய்.

அந்தச் சொல்லுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது வெள்ளிக்கிழமைகளில் விளங்கியது. செவ்வாயும் வெள்ளியும் அந்த முன்னறையில் நிற்க இடமிருக்காது. பிள்ளைக்குப் பெயர் வைக்க வருவார்கள். புருசன் அடித்தான் என்று வருவார்கள். அடுத்த கிழமை அந்தப் புருசனும் தலையைக் குனிந்துகொண்டு வந்து நிற்பான். சிங்களப் பெண்கள் தாமரை மொட்டோடு வருவார்கள். மீன்காரக் குடும்பங்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொண்டுவரும். ஒரு பொலிஸ் சார்ஜனின் மனைவிகூடக் குழந்தையோடு வந்து மிளகாய் சுற்றிக்கொண்டு போவார். இவர்களுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக, ஒரு கூட்டம் பெண்கள் கையில் படத்தோடு இருப்பார்கள். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார். அவர்கள் இருக்கும் அறையில்தான் நான் செத்தல் என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

சாமியம்மாவிடம் அம்மன் எப்படி வந்தாள் என்பதை செல்வம் சொன்னான். வெள்ளவத்தை வீட்டில் வேலைக்கிருந்தபோது அவருக்கு அம்மை போட்டிருக்கிறது. வீட்டார் பயந்து, ஒரு போர்வையால் மூடி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஒழுங்கையில் அப்போது சாமி பார்த்த ஒரு கிழவி அவரைத் தூக்கி வந்து வேப்பிலையில் கிடத்தினாளாம். "யாரு பெத்த புள்ள?" என்று ஆட்கள் கேட்டதற்கு, "என் வாசல்ல கெடந்துச்சு, என் புள்ள" என்றாளாம். அதிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு சட்டம்: மூன்று வெள்ளி அங்கே கூழ் குடித்தவர் அந்த வீட்டுப் பிள்ளை. எந்தச் சாதி, எந்த மொழி என்ற பேச்சில்லை. நாற்பது வயது மீன்காரனையும் சாமியம்மா, "எங்கடா போன, புள்ள?" என்றுதான் கேட்பார். வெளியில் யாராவது கேட்டாலும், "என் மகன், என் மக" என்றே சொல்வார். ஒழுங்கையில் எவரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை.

நானும் குடித்தேன். மூன்று வெள்ளி என்ன, முப்பது வெள்ளி குடித்திருப்பேன். பசிக்குக் குடித்தேன். பிள்ளையாவதற்குக் குடிக்கவில்லை.

தாய்மாரில் ஒருவர் மேரி அக்கா. வத்தளையிலிருந்து வருவார். மகன் காலையில் வேலைக்குப் போனவன், அன்றோடு இல்லை. ஒரு வருசமாகிறது. ஒவ்வொரு அலுவலகமாக வரிசையில் நின்றுவிட்டு வெள்ளிக்கிழமை இங்கே வருவார். கழுத்தெலும்பு தெரியும். உடம்பில் அம்மன் வந்ததும் சாமியம்மாவின் குரல் தடித்துவிடும். வெற்றிலைச் சிரிப்பெல்லாம் போய்விடும்.

"என்னா கேக்குற?"

"எண்ட மகன் வருவானா தாயே?"

"வருவான்."

"எப்ப தாயே?"

"வர்ற அன்னிக்கி வருவான். பசியோட வருவான். ஒல வச்சு வடிக்க ஒன் கையில தெம்பு இருக்கா? இல்லல்ல? கூழக் குடி."

மேரி அக்கா குடிப்பார். செல்வம் சொன்னான், அவர் கிழமையில் ஒழுங்காகச் சாப்பிடுவது அந்த ஒரு நேரம்தானாம்.

எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோட்டில் வேலை செய்கிறவன் அல்லவா, கட்டுத் தூக்கினாலும் உண்மை எனக்குத்தான் சொந்தம் என்று நினைப்பு. ஒரு நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"ஏன் அந்த மனிசிக்குப் பொய் சொல்லுறியள்? வருவான் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"நானா சொன்னேன்? ஆத்தா சொல்றா."

"ஆத்தா பொய் சொல்லலாமோ?"

அவர் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஒனக்கு உண்ம வேணும். அவளுக்குச் சோறு எறங்கணும். நீ ஒன் உண்மையச் சொல்லி அவள ஒரு வாய் திங்க வச்சுப்புடு பாப்போம். நான் இந்த மாலைய அவுத்து ஒன் கழுத்துல போட்டுடுறேன், யாழ்ப்பாணத்து ஐயா."

அடுத்த நாள் புதுக்கடையில், கள்ளச்சாமி ஒன்றின் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தேன். செல்வம் சிரிக்கவில்லை.

பிறகு பொலிஸ் படிவம் வந்தது. வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒழுங்கையில் இங்கிலீஸ் எழுத்துத் தெரிந்தவன் நான் என்று ஒரு பெயர். பாதி வீட்டுக்கு நான்தான் எழுதினேன். எனக்கு அதில் பெருமை வேறு. சாமியம்மா எதிரே சம்மணம் போட்டு இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். என் பெயர் வந்தது.

"ஒறவு, மகன். எழுது."

"நான் மகன் இல்லையே."

"எத்தன வெள்ளி ஆச்சு? எழுது."

"என்ர பேருக்கு முன்னால அப்பான்ர பேர் நிக்குது. பிடிபடும்."

"அப்பன் பேரு நிக்கட்டும். ஆத்தா பேரு இருக்கா? இல்லல்ல. எழுதுடா. அவனுங்க நாளைக்கி வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது? தெருவுல போனவன்னா?"

பேனா நின்றுவிட்டது. என்னைப் பெற்றவர் அப்போது ஊரில் உயிரோடு இருந்தார். இன்னொருவரைத் தாய் என்று எழுதினால் அவருக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தேன். இப்படித்தான் பல வருசம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது கால்வாசி உண்மை. மிச்சம் என்னவென்றால், தோட்டக்காட்டுப் பெண்ணின் மகன் என்று என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. வாடகைக்குப் போடிங்கில் இருக்கிறவர் என்பதற்கான இங்கிலீஸ் சொல்லை எழுதினேன். அதிலும் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். விட்டால் அது 'எல்லை' என்று பொருள்படும் வேறு சொல்லாம். இது அப்போது எனக்குத் தெரியாது.

"எழுதிட்டியா?"

"ஓம்."

அவர் கைநாட்டு வைத்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். கோட்டு விடுமுறை, ஒரு வெள்ளிக்கிழமை, நான் வீட்டில் நின்றேன். உச்சி வெயில். முன்னறையில் கூழ் கொதிக்கிறது, வாசல் வரைக்கும் பெண்கள். ஒழுங்கையின் இரண்டு முனையையும் ஆமிக்காரர் அடைத்துவிட்டார்கள். ஆண்களையெல்லாம் கானோரமாக வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி படிவக் கட்டோடு வந்தார். என் அட்டையைப் பார்த்ததும், "யாப்பனே" என்றார். யாழ்ப்பாணம். முனையில் நின்ற லொறியைக் கையால் காட்டினார். அந்த லொறியில் ஏறியவர்கள் சிலர் ஒரு நாளில் திரும்பினார்கள், சிலர் ஒரு வருசத்தில். சிலருடைய தாய்மார்தான் அந்த முன்னறையில் படத்தோடு இருந்தார்கள்.

சாமியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முகம் முழுக்க மஞ்சள், கையில் வேப்பங்கொத்து.

"மஹத்தயா! எயா மகே புத்தா!" ஐயா, அவன் என் மகன்.

ஒழுங்கை முழுவதும் கேட்டது. நான் யார் என்று தெரியாத ஒருவர் அங்கே இல்லை. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுச் சிங்களப் பெண் ஒருபடி மேலே போய், "ஒவ் மஹத்தயா, மேணியோகே புத்தா தமய்" என்று சத்தியம் செய்தார். மேணியோவின் மகன்தான் என்று. அதிகாரி யோசித்தார். கட்டைப் புரட்டி எங்கள் வீட்டுப் படிவத்தை எடுத்தார். வாசித்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. 'எல்லை' என்று எழுதியிருந்ததை உரக்க வாசித்து, எந்த எல்லை, வடக்கு எல்லையா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மே உம்பே அம்மாத?" இது உன் அம்மாவா?

நான் சாமியம்மாவைப் பார்த்தேன். படிவத்தில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணம்தான் அவருக்கு விளங்கியது, கண்ணில் தெரிந்தது. அப்போதும் அவர் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லு, சொல்லு என்பது போல.

"நே, சேர்" என்றேன், இல்லை என்று. "போடிங்."

அதிகாரிக்குத் திருப்தி. வாயும் படிவமும் ஒத்துப்போகின்றன, சொல் பிழையானாலும் ஆள் உண்மைக்காரன். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். சாமியம்மாவைப் பார்த்து, "பொருகாரி!" என்றார். பொய்க்காரி. அதுதான் பொலிஸ்காரர் வைத்த பெயர். பிறகு சப்பாத்தோடு முன்னறைக்குள் போனார்கள். கூழ்ப்பானை கவிழ்ந்தது. மிளகாய்ச் சட்டி அடுப்பில் கொட்டி எல்லோரும் இருமினார்கள். யாழ்ப்பாணத்தானை மகன் என்று சொல்லி மறைத்தவர் என்று சாமியம்மாவை லொறியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மேரி அக்கா கையில் கூழ்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். குடிக்காமல் அதைப் படியில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஒழுங்கை என்னை நடத்திய விதத்தை எழுதினால் நீளும். குழாயடிக்குப் போனால் வாளிகளை எடுத்துக்கொண்டு விலகினார்கள். செல்வம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மகன்னு எழுதியிருந்தா ஒன் கை அழுகியிருக்குமாய்யா?" அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

லோயர் ஐயாவின் காலில் விழாத குறையாக நின்றேன். அவர் படிவத்தில் இருந்த சொல்லைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு சொன்னார்: "அவ உன்னை மகன் எண்டதுதான் குற்றம் எண்டால், நீ ஒரு சத்தியக் கடதாசி குடு. ஒரு வருசமா தாய் மாதிரி என்னை வைச்சுச் சாப்பாடு தந்தவ, நானும் தாயாத்தான் நினைக்கிறன் எண்டு." தட்டச்சில் அடித்துத் தந்தார். சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லாத கடதாசி. அதைக் கொண்டு போய்ப் பேசி, ஒன்பதாம் நாள் அவரை வெளியே எடுத்தார்.

பொலிஸ் வாசலில் வைத்து அந்தக் கடதாசியின் பிரதியைக் காட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஊரு முன்னாடி இல்லன்னு சொன்ன வாயி, காயிதத்துக்குள்ள ஆமான்னு சொல்லுதா? காயிதம் யாரு காதுல விழும்?"

சரி, ஊர் முன்னால் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை முன்னறையில் பத்துப் பேர்கூட இல்லை. சிங்களப் பெண்கள் வரவில்லை. சார்ஜன் மனைவி அந்தப் பக்கமே வருவதில்லை. கண்ணாடிப் பெட்டி உடைந்துபோய், அந்தோனியார் சும்மா நின்றார். மேரி அக்கா வந்திருந்தார். மணி அடித்து, சாம்பிராணி போட்டு, வெகுநேரம் ஆகியும் சாமியம்மாவின் உடம்பில் அம்மன் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அந்தச் சொல்லால் கூப்பிட்டேன்.

"அம்மா."

அவர் நிமிர்ந்தார். குரல் தடிக்கவில்லை, சாதாரணக் குரல்.

"யாரு தம்பி நீங்க? மேல வாடகைக்கி இருந்த புள்ளதான?"

எனக்கு மரியாதை தந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

மேரி அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப, அண்டைக்கு நீங்க பொலிசுக்குச் சொன்னது பொய்யா அம்மா?"

"மகன் இல்லன்னு அவரு சொன்னப்புறம் அது பொய்தான். தாயி மட்டும் சொன்னா பத்தாது."

"எண்ட மகனைப் பத்திச் சொன்னது?"

சாமியம்மா வாயைத் திறந்தார். எல்லோரும் காத்திருந்தோம். வெளியே கடலைக்காரன் கூவிக்கொண்டு போனான். அவர் வாயை மூடிக்கொண்டு, கூழை அள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி மேரி அக்கா பக்கம் நீட்டினார். மேரி அக்கா படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

நான் அன்று பின்னேரமே பெட்டியைத் தூக்கினேன். சாமியம்மா அந்த வருசமே விளக்கை அணைத்துவிட்டு, ஹெந்தளையில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அவர் இறந்துபோனார் என்றார்கள்.

ஒழுங்கையும் இப்போது இல்லை. போன வருசம் போய்ப் பார்த்தேன். கானை மூடி, வீடுகளை இடித்து, உயரமாக ஒரு கட்டடம். எந்த இடத்தில் முன்னறை இருந்தது என்று மட்டுக்கட்ட முடியவில்லை. அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் சாமியம்மா வீடு என்றேன். "எந்த மாடி?" என்று கேட்டாள்.

மேரி அக்காவை மட்டும் இடையில் ஒரு முறை கண்டேன். நான் வத்தளையில் குடியிருந்த காலம், நீங்கள் பிறக்கவில்லை. நீர்கொழும்பு வீதி பஸ் ஹோல்ட்டில் நின்றார். கையில் சோற்றுப் பார்சல், பஸ்ஸால் இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். கிட்ட வந்தார்.

"தம்பி, நீங்க உள்ளத உள்ளபடி எழுதற ஆள். பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க சொல்லுங்க. எண்ட மகன் வருவானா?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளே. அந்த வீட்டில் முப்பது வெள்ளி கேட்ட சொல். அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"தெரியாது அக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பார்சலை என் கையில் வைத்தார். "நீங்க சாப்பிடுங்க" என்றார். அடுத்து வந்த பஸ்ஸை நிமிர்ந்தும் பார்க்காமல், வந்த வழியே திரும்பி நடந்தார். பார்சல் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம், அதே நேரத்துக்கு அந்த ஹோல்ட்டில் போய் நின்றேன். வேறு பெண்கள் நின்றார்கள்.